காலர் மைக்கில் விழுந்தது

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இருபது வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவளுக்குக் கோபம் வராவிட்டால்தான் அதிசயம். மாப்பிள்ளை மோதிரம் போடுகிற நொடியில் யாராவது ஒரு சித்தப்பா காமிராவுக்கு முன்னால் வந்து நிற்பார். அவரை என்ன செய்வது, கொஞ்சவா முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா யாரும் இல்லை. காற்றுதான் குறுக்கே நின்றது.

என் தங்கை கார் மெக்கானிக். பந்தயக் கார் ஓட்டவேண்டும் என்பது அவள் ஆசை. ஆசை என்பது குறைவு, வெறி. போன வருஷம் ஒரு பந்தயக் குழு அவளை ஓட்டச் சொல்லிப் பார்த்தது. ஓட்டியதில் குறை சொல்லவில்லை. பிறகு ஆபீஸில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். "ஆனா பந்தயத்துல வண்டி என்ன பண்ணுதுன்னு ரேடியோவுல டக்கு டக்குனு சொல்லணும். இவங்களால முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் தங்கைக்குத் திக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அவள் ஒரு சொல்லைத் தொடங்கி முட்டிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் நான் அதை முடித்துவைப்பேன். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அதே குழு, சேர விரும்புகிறவர்களிடம் வீடியோ கேட்டிருந்தது. மூன்று நிமிஷம். ஓட்டுபவரின் கையும் சாலையும் தெரியவேண்டும். வெட்டு, ஒட்டு, பாட்டு எதுவும் கூடாது. இஞ்சின் சத்தம் சுத்தமாகக் கேட்கவேண்டும், கியர் எங்கே மாறுகிறது என்பதைக் காதால்தான் கணிப்பார்களாம். கடைசி நேரம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி.

"நா... நான் பேச வேணாம்க்கா. இ... இஞ்சினே பே... பேசிக்கும்" என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அதற்காகவே ஒத்துக்கொண்டேன்.

கார் அவள் பட்டறைக்கு வரும் பல் டாக்டருடையது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. கூரை பழுதாகி, மடங்கியது மடங்கியபடியே கிடந்தது. ஊருக்கு வெளியே பயிற்சி ஓட்டத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு ஓடுதளத்தில் பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை எங்களுக்கு நேரம். டாக்டரும் கூடவே வந்துவிட்டார்.

"ஒரு கீறல் விழுந்தாலும் ரெண்டு பேர் பல்லையும் மயக்க மருந்து இல்லாம புடுங்கிருவேன்" என்றார்.

"வாயைத் திறந்தா மைக்ல விழும் டாக்டர். தள்ளி நில்லுங்க."

முதல் தடவை காமிராவை முன்கண்ணாடியில் ரப்பர் பிடியால் ஒட்டி, மைக்கோடு சேர்ந்த சின்ன ரெக்கார்டரைப் பக்கத்திலேயே வைத்தேன். படம் ஆடிய ஆட்டத்தில் என் தங்கைக்கு நாலு கை. சத்தம்? ஹோவென்று காற்று, காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. இஞ்சின் எங்கோ பக்கத்துத் தெருவில் ஓடியது.

இரண்டாவது தடவை காமிராவை சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த இரும்பு வளையத்தில், துணியை மடித்துக் கொடுத்து, இரண்டு பட்டையால் இறுக்கிக் கட்டினேன். ஆட்டம் நின்றது. ரெக்கார்டரை என் வீட்டுக்காரரின் புசுபுசு குளிர்த்தொப்பிக்குள் சுற்றி, காலடியில் ஒளித்தேன். (தொப்பி போனது அவருக்கு இன்னும் தெரியாது.) காற்று அடங்கியது. ஆனால் வேகம் கூடக் கூட இஞ்சின் சத்தம் சோர்ந்துபோனது. ரெக்கார்டர் தானாகவே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும்படி நான்தான் வைத்திருந்தேன். மண்டபத்தில் திடீரென்று மேளமும் கைதட்டலும் எழும்போது அது நல்ல பிள்ளை. இங்கே காலை வாரிவிட்டது.

மணி பதினொன்றரை. எனக்கு வியர்த்தது. தானியங்கியை அணைத்தேன். தங்கையை நின்ற இடத்திலேயே இஞ்சினை உறுமவிடச் சொல்லி, அந்த உறுமலுக்கு அளவைக் குறைத்து வைத்தேன். ரெக்கார்டரைத் தொப்பியோடு பின்னால், காற்று படாத மறைவில், புகைக்குழாய்க்குப் பக்கமாகக் கட்டினேன். அதே சூட்டில் அவள் காலரிலும் ஒரு சின்ன மைக்கை மாட்டி, தானே பதிவு செய்யும் அதன் பெட்டியை முடுக்கிச் சட்டைப் பையில் போட்டு, ஜாக்கெட் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. எத்தனை மாப்பிள்ளைகளுக்கு மாட்டிய கை!

"எ... என்ன..."

"என்னத்துக்கா? சும்மா இருக்கட்டும். போடி."

அவள் போனாள். வேலியோரம் நின்ற எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வளைவுக்கு முன் இஞ்சின் இரண்டு படி இறங்கி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி ஏறியது. டாக்டர்கூடப் பல்லைப் பற்றிப் பேச மறந்துவிட்டார். வண்டி வந்து நின்றதும் மழை பிடித்துக்கொண்டது. காமிராவையும் ரெக்கார்டரையும் அவசரமாக அவிழ்த்தேன். டாக்டர் குடையோடு ஓடி, இரண்டு சீட்டில் எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் தவித்து, கடைசியில் தானும் நனைந்து காரையும் நனைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டிப்போனார்.

என் எடிட்டிங் அறையில் படத்தைப் போட்டோம். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு சுத்தம். காமிராவின் ஒலியில் வழக்கம்போல் காற்று. அது போகட்டும் என்று பின்னால் கட்டிய ரெக்கார்டரைத் திறந்தேன். காலி.

பொத்தானை ஒருமுறை அழுத்தினால் விளக்கு மினுக்கும், தயார் என்று அர்த்தம். இரண்டாம் முறை அழுத்தினால்தான் பதிவு. இதை மறந்த எத்தனை பேரிடம் கத்தித் தீர்த்திருக்கிறேன்! கத்துவதற்கு ஆள் தேடினேன். அறையில் நானும் அவளும்தான். எனக்கு அழுகை வந்தது.

"நான்தாண்டி அழுத்தல. என் தப்பு" என்றேன்.

அவள் ஜாக்கெட்டைக் கழற்றினாள். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்னப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். அதன் விளக்கு நிலையாக எரிந்துகொண்டிருந்தது.

ஜிப் போட்ட ஜாக்கெட்டுக்குள் காற்று நுழையவே இல்லை. சீட்டு வழியாக, உடம்பு வழியாக இஞ்சின் கனமாக வந்து விழுந்திருந்தது, ஒவ்வொரு கியரும் தனித்தனியாக. அதற்கு மேல் ஒரு குரல்.

"இரு, இரு, இன்னும் இல்ல. இப்ப பிரேக். மூணு. பின்பக்கம் லேசா வழுக்குது, வலது டயர் இன்னும் சூடாகல. பரவால்ல, புடிச்சுக்கிச்சு. நாலு. போ, போ, போ. அக்கா கையை ஆட்டுறா, அவளுக்கு வேற வேலையில்ல. இப்ப இடது..."

மூன்று நிமிஷமும் இப்படியே. ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை.

"இ... இது யா..."

முடித்துவைக்க வாயைத் திறந்தேன். எப்படியோ மூடிக்கொண்டேன்.

"...யாரு, அக்கா?"

"நீதாண்டி! பேசினது உனக்கே தெரியாதா?"

தெரியாதாம். காரில் தனியாக இருக்கும்போது பேசுவாள் என்பது அவளுக்கே செய்தி. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் வெளுத்துவிட்டது. "கு... குரலை எடுத்துரு அக்கா. இ... இதைக் கேட்டுட்டு நே... நேர்ல பேசினா சி... சிரிப்பாங்க."

"எடுக்க முடியாது. எடுத்தா இஞ்சினும் போயிரும். வெட்டக் கூடாதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

முடிந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். இன்னொரு நாளாக இருந்தால் நானே அனுப்பிவிட்டு, "போச்சு போ, அனுப்பியாச்சு" என்றிருப்பேன். அன்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அதைவிடக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை.

நாலே முக்காலுக்கு அவள் விசைப்பலகையை இழுத்து, வீடியோவுக்குக் கீழே இரண்டு வரி அடித்தாள். "எனக்குத் திக்கும். ஓட்டும்போது திக்காது, கேட்டுப் பாருங்கள்." அனுப்பும் பொத்தானையும் அவளே அழுத்தினாள்.

புதன்கிழமை மதியம் அவள் பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் கிரீஸ் என்பதால் முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள். குழுவின் தலைமை மெக்கானிக்.

"வலது டயர் சூடாகலன்னு எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?"

என் கை தானாகப் போனை நோக்கிப் போனது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் பதில் சொல்ல ஆரம்பித்தாள். திக்கித் திக்கி, நின்று நின்று, ஸ்டியரிங்கில் என்ன தெரிந்தது, இடுப்பில் என்ன தெரிந்தது என்று முழுசாகச் சொன்னாள். அந்த மனிதர் குறுக்கிடவில்லை.

"கரெக்ட்" என்றார். "இதைத்தான் ரேடியோல எதிர்பாக்கிறோம். போன வருஷம் ஆபீஸ்ல உக்கார வெச்சுக் கேட்டது எங்க தப்பு. சனிக்கிழமை எங்க வண்டியை ஓட்டிப் பாக்க வரீங்களா?"

"வ... வ..."

தொண்டையில் அந்தச் சொல் முட்டி நிற்பது எனக்குத் தெரிந்தது. என் நாக்கு நுனியிலும் அதே சொல் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"வ... வரேன்."

எட்டு நொடி ஆயிற்று. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஒரு எழுத்துகூட என்னுடையது இல்லை.