தங்காத சோறு

1993-ஆம் வருடம் ஆடி மாதத்தில், சோமனூருக்குத் தெற்கே தறிக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகளில் ஒன்றில், மூன்று மாதம் முழுகாமல் இருந்த மயிலாத்தாள் மத்தியானம் தின்ற சோற்றைப் பொழுது சாயும் நேரத்தில் அரிசியாக வாந்தியெடுத்தாள். குழைந்தோ புளித்தோ வரவில்லை. வேகாத, காய்ந்த, வெள்ளை அரிசி. பக்கத்தில் ரசத்துப் பருப்பும் உடையாத மிளகும் கொட்டையோடு ஒரு சுளைப் புளியும் கிடந்தன. நாற்றம் இல்லை, ஈரம்கூட இல்லை. அந்த வாரம் சந்தையில் தக்காளி விலை விழுந்திருந்தது, நூல் விலை ஏறியிருந்தது, மழை பெய்யாமல் காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் சுப்பையன், பாலகோபாலின் தறிக்குடோனில் தறி ஓட்டுகிறவன், வேலை முடிந்து வந்து குனிந்து ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தான். "நம்ம ரேசன் அரிசிதான்" என்றான்.

அதன்பிறகு எது தின்றாலும் அப்படியே நடந்தது. இட்லி தின்றால் அரிசியும் உளுந்தும் கலந்து வந்தன. டீ குடித்தால் தூள் தனியாக, சர்க்கரை தனியாக, பால் தனியாக வந்தது. சத்துக்கு ஆகட்டும் என்று கொடுத்த அவித்த முட்டை ஓட்டோடு முழுசாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரி அதை வாங்கி அடைக்கோழிக்கு அடியில் வைக்க, மற்ற முட்டைகளோடு அதுவும் பொரிந்தது. குஞ்சில் ஒரு வித்தியாசமும் இல்லை. மாமியார் மாராத்தாள் இதையெல்லாம் பார்த்து, "மசக்கைதான். சுப்பையனைச் சுமந்தப்ப நானும் பச்சத்தண்ணி குடிச்சாக் கக்குனவதான்" என்று சொல்லிவிட்டு, வந்த அரிசியை முறத்தில் அள்ளிப் புடைத்தாள். அதில் கல் இல்லை, வண்டு இல்லை, ரேஷன் அரிசியின் முடை நாற்றமும் போயிருந்தது. மறுநாள் அதையே உலையில் போட்டாள். மயிலாத்தாள் அதைத் தின்றாள், சாயங்காலம் அது மறுபடி அரிசியாக வந்தது. ஆடி போய் ஆவணி வந்தும் அவளுக்கென்று எடுத்த அந்த ஒரு படி அரிசியே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. லைன் வீட்டுப் பெண்கள் சிலர் தங்கள் வீட்டு வண்டு பிடித்த அரிசியைச் சோறாக்கிக்கொண்டுவந்து, சங்கடப்பட்டுக்கொண்டே அவள் முன்னால் வைத்தார்கள். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவள் அவள். அதையும் தின்று, வாசலில் குந்தியிருந்து, சுத்தமான அரிசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

வயிறு மட்டும் வளர்ந்தது. மற்றதெல்லாம் கரைந்தது. முதலில் கன்னம் போயிற்று, பிறகு தோள், பிறகு வளையல்கள் முழங்கை தாண்டி மேலே ஏறி நின்றன. அதே குடோனில் நூலைத் தார்க்கட்டையில் சுற்றும் மெஷின் முன்னால் அவள் வேலைக்கு நிற்கும்போது மேல்வயிற்றில் ஏதோ கெட்டியாகச் சாத்திக்கொள்வதுபோல ஒரு வலி வரும். அதைச் சொன்னால் வாயு என்றார்கள். சோமனூர் டாக்டர் மசக்கை என்று ஊசி போட்டு மாத்திரை கொடுத்தார். மாத்திரை, பிரித்தெறிந்த தகரத்தாளுக்குள் மறுபடி புகுந்துகொண்டு திரும்பி வந்தது. பிறந்த வீடு பவானியில் என்பதால் அவளுடைய அண்ணன் வந்து அழைத்துப்போய் அங்கே ஒரு வைத்தியரிடம் காட்டினான். வைத்தியர் மூன்று தலைமுறையாக யாருக்கும் சொல்லாத லேகியம் ஒன்றை உருட்டிக் கொடுத்தார். சற்று நேரத்தில் அது சுக்கும் திப்பிலியும் வெல்லமும் நாலைந்து வேருமாக, காத்திருந்த நோயாளிகள் எல்லோர் கண் முன்னாலும் தனித்தனியாக வந்து விழுந்தது. அவர் துண்டைப் போட்டு அதை மூடினார். "எந்திரிச்சுப் போங்க அக்கட்ட" என்று கத்தியவர் அன்றைக்குப் பிறகு யாருக்கும் லேகியம் கொடுக்கவில்லை என்று பவானியில் சொல்கிறார்கள்.

புரட்டாசியில் சுப்பையன் அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனான். ஸ்கேன் எடுத்த இடத்தில் குழந்தை உயிரோடு அசைவதைக் காட்டினார்கள். அங்கிருந்து அவர்கள் பார்க்கச் சொல்லி அனுப்பிய பெரிய டாக்டர், அவள் தட்டில் கக்கிய அரிசியைப் பேனா முனையால் கிளறிப் பார்த்துவிட்டு, கர்ப்பமாக இருக்கிறவர்களுக்கு மண், சாம்பல், அரிசி தின்கிற ஆசை வருவது உண்டு என்றார். "பச்சை அரிசியை அள்ளித் தின்னுட்டு வாந்தியெடுக்கறாங்க. அதை நிறுத்தினா எல்லாம் சரியாயிடும்." மயிலாத்தாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மாராத்தாள் அரிசிப் பானையைத் தன் கட்டிலுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அதுவரை வாந்தியெடுக்கிற மருமகள் என்று சொன்ன லைன் வீடுகள், அரிசி திருடித் தின்கிற மருமகள் என்று சொல்ல ஆரம்பித்தன. டாக்டரே சொல்லிவிட்டாரல்லவா. கண்ணால் பார்த்திருந்தவர்களுக்குக்கூட, தாங்கள் பார்த்ததைவிட அது நம்புவதற்கு வசதியாக இருந்தது. சுப்பையன் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் "வாயைத் தொற" என்று மட்டும் சொல்வான். அவள் திறந்து காட்டுவாள். அதில் அரிசி இருக்காது. ஈறுகள் வெளுத்து, பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன.

ஐப்பசியில் ஒருநாள் பாலகோபாலின் மனைவி ரங்கநாயகி குடோனுக்கு வந்தபோது மயிலாத்தாள் தார்க்கட்டையைக் கையில் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து கிடந்தாள். ரங்கநாயகி வீட்டிலிருந்து காப்பி வரவழைத்தார். வேலைக்காரர்களுக்கென்று தனியாக வைத்திருந்த டம்ளரில்தான் அது வந்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் டம்ளருக்குள்ளேயே அவள் காப்பிக் கொட்டைகளைத் திரும்பக் கொடுத்தாள், வறுக்காத பச்சைக் கொட்டைகள். ரங்கநாயகி முகம் சுளிக்கவில்லை. டம்ளரைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆடியிலிருந்துங்க அம்மிணி. நான் அரிசி திங்கறதில்லைங்க. சத்தியமாத் திங்கறதில்லைங்க."

"எந்தங்கச்சிக்கும் மசக்கைன்னுதான் சொன்னாங்க. சாகற அன்னிக்கும் மசக்கைன்னுதான் சொன்னாங்க" என்றார் ரங்கநாயகி. பிறகு டிரைவரைக் கூப்பிட்டு வேனை எடுக்கச் சொன்னார். அந்த வேனில் அதுவரை மயிலாத்தாளின் சனம் யாரும் ஏறியதில்லை. சீட்டில் உட்காராமல் அவள் கீழே குந்தப் போக, ரங்கநாயகி அவள் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கையைப் பிடித்ததும் அதன் எடை தெரிந்து அவருக்கே பயம் வந்துவிட்டது என்று டிரைவர் பின்னால் சொன்னான்.

கோயமுத்தூரில் மில்காரர்கள் சேர்ந்து நடத்திய தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில் சாயிரா பானு என்ற டாக்டர் இருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அவர் முதலில் வயிற்றைத் தொடவில்லை, கதையைக் கேட்டார். யாரும் குறுக்கே பேசாமல் இருந்ததால் மயிலாத்தாள் முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள். சின்ன வயதில் காட்டு வேலைக்குப் போனபோது பசி தெரியாமலிருக்கப் புகையிலை போட்டது, கல்யாணத்துக்கு முன்பே வெறும் வயிற்றில் எரியும் வலி இருந்தது, அதற்கு ஆப்பசோடாவைக் கரைத்துக் குடித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சமையல்கட்டிலிருந்து கொஞ்சம் அரிசி வாங்கிவரச் சொல்லி, கைக்குழந்தைகளை நிறுக்கும் தராசில் அதை நிறுத்தார். சோறாக்கித் தன் கையாலேயே ஊட்டினார். பிறகு ஒரு ஸ்டூலைப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் அரிசி வந்தது. மறுபடி நிறுத்தார். முள் முதலில் நின்ற இடத்திலேயே நின்றது.

"ஒரு மணிகூடக் குறையலையே கண்ணு. அப்ப உள்ள இருக்கற குழந்தை எதைத் தின்னு வளருது?"

"என்னையத்தானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

சாயிரா பானு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையின் அடி வாசலில் பழைய புண் ஆறி ஆறித் தழும்பேறி, குண்டூசி போகக்கூட இடமில்லாமல் மூடியிருந்தது. டாக்டர் அதை ஒரு காகிதத்தில் படமாக வரைந்து, சுப்பையனுக்கும் மாராத்தாளுக்கும் காட்டினார். இது மசக்கை இல்லை, இவள் அரிசி திருடவும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். சுப்பையன், எல்லாம் சரிங்க, சோறு எப்படி அரிசியாகிறது என்று கேட்டான். "கீழ போக வழியில்லை. அங்கயே நிக்கவும் முடியலை. வந்த வழியே திரும்புது. கொஞ்சம் அதிக தூரம் திரும்பிப் போயிடுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. மயிலாத்தாள் மட்டும், "இதுக்குப் பேரு இருக்குதுங்களா?" என்றாள். டாக்டர் சொன்னார். அவள் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். வாய்க்குள் நுழையாத அந்த இங்கிலீஷ் பேரை மெல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள்.

பேர் கிடைத்ததே தவிர, வழி உடனே கிடைக்கவில்லை. அறுத்துத்தான் புது வழி வைக்க வேண்டும். அறுவை டாக்டர், ஏழாம் மாதத்தில் மயக்க மருந்து கொடுத்தால் குழந்தைக்கு ஆபத்து, பிரசவம் ஆகட்டும் என்றார். அதுவரை இவள் இருக்க மாட்டாள் என்றார் சாயிரா பானு. இரண்டு பேரும் வராந்தாவில் நின்று பேசியது வார்டுவரை கேட்டது. மாராத்தாள் தன் மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வவுத்துப் புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என்ன பண்ணுவ? பொறுத்தவ பொறுத்துட்டா, இன்னுஞ் சித்த பொறுக்கட்டும்" என்றாள். சுப்பையன் கையெழுத்துப் போடாமல் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தான். தறி ஓடும்போது ஒரு நூல் அறுந்தால் அரை நொடியில் கண்டுபிடித்து நிறுத்துகிற ஆள், இதில் என்ன செய்வது என்று தெரியாமல் ஆஸ்பத்திரி மதிலோரம் நின்று பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளுக்கோஸ் பாட்டில்கள் மட்டும் உள்ளே போய்த் தங்கின. ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறந்தது. கடைசியில் மயிலாத்தாள் நர்ஸைக் கூப்பிட்டாள். "அவரு போடறப்பப் போடட்டும். எனக்குப் பேரெழுதத் தெரியுமுங்க. குடுங்க, நான் போடறேன்." எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்ற சுப்பையன், அவள் பேருக்குக் கீழே தன் பேரையும் எழுதினான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. இரைப்பையைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி அரிசி, கழுவி உலர்த்தியதுபோல இருந்தது. அறுவை டாக்டர் அதை எடுத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தையல் போட்டார். மூன்றாம் நாள் குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. மயக்க மருந்தால் என்று ஒருவர் சொன்னார். இவ்வளவு நாள் காத்திருந்ததால் என்று இன்னொருவர் சொன்னார். வலி வரவழைத்து எடுத்தார்கள். பெண். தலை நிறைய முடி இருந்தது. தாயின் தலையிலிருந்து உதிர்ந்த அத்தனையும் அங்கே இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சிசுவுக்கு வாய்க்கரிசி போடும் வழக்கம் அவர்களிடம் இல்லை. ஆனால் சோமனூர் சுடுகாட்டு ஓரத்தில் குழி தோண்டி முடித்தபோது, மாராத்தாள் மடியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். மருமகளுக்குள் மாதக்கணக்காகப் போய்ப்போய்த் திரும்பிய அதே அரிசி. "உனக்குன்னு ஆக்குனதுதான் கண்ணு. வந்து சேரவே இல்ல" என்று சொல்லி, அந்தச் சின்ன வாயில் நாலைந்து மணிகளை வைத்தாள். மிச்சத்தையும் குழியிலேயே கொட்டினாள். யாரும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மயிலாத்தாளுக்குக் கஞ்சி கொடுத்தார்கள். அவள் பழக்கத்தில் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். எதுவும் வரவில்லை. கிண்ணத்தை எடுக்க வந்த சாயிரா பானுவிடம், "இப்பத் தங்கி யாருக்குங்க?" என்றாள். டாக்டர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, அன்றைக்கு நிறுத்துப் பார்க்க உட்கார்ந்த மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்குப் போடும்வரை அப்படியே இருந்தார்.

அடுத்த வாரத்திலிருந்து அவர், கர்ப்பிணிகளைப் பார்க்கும் அறையில் நர்ஸ்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கவேண்டும் என்றார். நர்ஸ்கள் சிரித்துக்கொண்டுதான் கேட்டார்கள். தை மாதத்தில் துடியலூரிலிருந்து வந்த ஒருத்தி, களி தின்றால் ராகியாக வருவதாகத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். வீட்டில் யாரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு நாலாம் மாதத்திலேயே வழி வைத்தார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதன்பிறகு வருடத்துக்கு ஒருத்தி இரண்டு பேர் வந்தார்கள், நர்ஸ்கள் சிரிப்பதை விட்டார்கள். சாயிரா பானு ஓய்வு பெற்றுப் போன பின்னும் அந்தக் கேள்வி தொடர்ந்தது.

மயிலாத்தாள் மறுபடி முழுகாமல் இருந்தது 1998-இல். மெலிந்துதான் இருந்தாள், பல் இரண்டு போயிருந்தது. அதே தர்ம ஆஸ்பத்திரிக்குச் சுப்பையன் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வரிசையில் அவள் முறை வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்க்காமலே பேர் கேட்டாள், எத்தனையாவது பிரசவம் என்று கேட்டாள், கால் வீக்கம் உண்டா, தலை சுற்றுகிறதா என்று கேட்டாள்.

"வாந்தி வந்தாச் சோறா வருதா, அரிசியா வருதா?"

"சோறாத்தானுங்க வருது. அதுவும் எப்பவாச்சுந்தானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

நர்ஸ் தலையாட்டிவிட்டு, எடை மெஷினைக் காட்டி ஏறி நிற்கச் சொன்னாள். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.