லெய்புக்கு ஒரு காட்சி

படப்பிடிப்புக் குழு கெனொவேஃபாவின் வீட்டைத் தேடி வந்தது. லூப்லின் பக்கத்து அந்தச் சிற்றூரில் போருக்கு முந்திய மரவீடு அது ஒன்றுதான். எண்பத்தேழு வயதான அவள் வாடகை வேண்டாம் என்றாள். ஒரே நிபந்தனை: படத்தில் லெய்ப் இருக்க வேண்டும்.

ஜெர்மானியர்கள் யூதர்களைக் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றிய காலத்தில், ஃபைகா என்ற யூதச் சிறுமியையும் அவள் தம்பி லெய்பையும் கெனொவேஃபாவின் அம்மா இந்த வீட்டின் உருளைக்கிழங்குக் குழிக்குள் ஒளித்துவைத்திருந்தாள். அவனுக்கு நாலு வயது. அதைச் சொல்லும் திரைக்கதையில் ஃபைகா மட்டுமே இருந்தாள்.

"ரெண்டு குழந்தைங்கன்னா கவனம் சிதறும்மா," என்றார் இயக்குநர் ஒல்கியர்ட்.

"எங்கம்மாவுக்குச் சிதறல."

கெனொவேஃபாவின் அம்மா ரொசாலியாவாக நடித்த கிங்கா மென்மையாகப் பேசினாள், ஃபைகாவின் தலையைக் கோதினாள். கெனொவேஃபாவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கம்மா வாயத் தொறந்தா வசவுதான். ஃபைகா தும்மினதுக்கு அறைஞ்சா. அதனாலதான் அவ பொழைச்சா."

"ஜனங்களுக்கு அவங்களப் பிடிக்கணுமேம்மா," என்றார் ஒல்கியர்ட்.

"ஊர்ல ஒருத்தருக்கும் பிடிக்காது. யூதப் பிள்ளைங்கள ஒளிச்ச விஷயம் வெளிய வந்ததும் கல்லெறிஞ்சாங்க, போர் முடிஞ்சப்புறம். அதையும் எடுங்க."

படத்துக்குக் குதிரையும் பனிச் சறுக்குவண்டியும் தந்திருந்த ஊர்த்தலைவர் மகுலா சிரித்தார். "கெனொவேஃபா அத்த, கல்லெல்லாம் இப்ப எதுக்கு? பழைய கத."

"எறிஞ்சவரோட பேரன் நீ. உனக்குப் பழசுதான்."

அன்று எடுக்க இருந்தது கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலைக் காட்சி. மேசையில், சொல்லாமல் வரும் விருந்தாளிக்கென்று வழக்கம்போல் ஒரு காலித் தட்டு. திரைக்கதைப்படி, அண்டைவீட்டு மகுலா, அதாவது தலைவரின் தாத்தா, உள்ளே வருகிறார். அந்தத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் ஃபைகாவைப் பார்க்கிறார். ஆசீர்வதித்த அப்பத்தைப் பிட்டு அவளுக்கும் கொடுக்கிறார்.

"அவர் வந்தது நெசம்," என்றாள் கெனொவேஃபா. "அந்தத் தட்டுல சாப்பிட்டது அவரு. அன்னிக்கு வர்றவங்களப் போன்னு சொல்ல முடியுமா? ஒண்ணுவிடாமத் தின்னாரு. அம்மா தெனமும் செங்கல்லச் சூடு பண்ணி, துணில சுத்திக் குழிக்குள்ள வெப்பா. அன்னிக்கு அவரு இருந்ததால நகரவே முடியல. அப்புறம், 'ஏறு ரொசாலியா, ராத்திரிப் பூசைக்குப் போலாம்'னு வண்டில கூட்டிட்டுப் போயிட்டாரு. போகலன்னா சந்தேகம் வரும். லெய்புக்கு முன்னமே காய்ச்சல். அம்மா திரும்பி வந்தப்ப செத்து விறைச்சுக் கெடந்தான்."



"தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்காது," என்றார் தலைவர்.

"தெரிஞ்சுதான் உக்காந்தாரான்னு அம்மா சாகறவரைக்கும் கேட்டுட்டே இருந்தா."

ஒல்கியர்ட் நெற்றியைத் தேய்த்தபடி வெளியே போனார். மதியம் முகம் தெளிந்து வந்தார். "லெய்புக்குக் காட்சி எழுதிட்டேம்மா. வாங்க."

கெனொவேஃபா தலைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

சறுக்குவண்டியில் தாத்தா மகுலா வேடத்தில் ஒரு நடிகர். அவர் மடியில், கம்பளிக்குள், கொழுகொழுவென்று ஒரு சிறுவன். அவனை மகுலா பத்திரமாகக் கன்னியர் மடத்துக்குக் கொண்டுபோகிறார். "போயிட்டு வா, லெய்ப்!" என்று கிங்கா அழுதாள். சிறுவன் கையசைத்தான். வேடிக்கை பார்த்த ஊரார் கைதட்டினார்கள். தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத் திருப்திதானேம்மா?" என்றார் ஒல்கியர்ட்.

கெனொவேஃபா வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் பேர மட்டும் எடுத்துடுங்க."

"அவ்வளவுதானே?" ஒல்கியர்டுக்கு நிம்மதி. "குரல் பதியறப்ப வேற பேர் வெச்சுடலாம்."