முப்பத்தொன்பது நிமிஷம்

அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு ஷ்யாமளா எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்து நின்றது. விமானப்படையின் ஸ்குவாட்ரன் லீடர் ஷேக் பரீத். கூடத்தில் கிடத்தியிருந்த உடலைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். போன மாதம், 1949 ஜனவரியில், அவளுடைய அண்ணன் பஞ்சு கடலின் மேல் விமானம் ஓட்டி வந்தான். மாலை ஆறு முப்பத்தைந்து. வெகு உயரத்தில் உருண்டையாக ஒரு வெளிச்சத்தைக் கண்டு துரத்தினான். எட்டவில்லை. விசாரணை வைத்தார்கள்.

அன்று பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடம் பலூன் விட்டிருந்தது. நமக்குச் சூரியன் மறைந்த பிறகும் பதினைந்து மைல் உயரத்தில் இன்னும் இருபது நிமிஷம் வெயில் இருக்கும். கீழே இருட்டிக்கொண்டு வரும்போது அங்கே பலூன் மட்டும் ஜொலிக்கும். பஞ்சு கண்டது அதுதான் என்றால் எல்லாம் பொருந்தியது, நேரம் ஒன்றைத் தவிர. பலூன் ஆறு ஐந்துக்கே வெடித்துவிட்டது என்றது ஆய்வுக்கூடத்துப் பதிவு. அரைமணி கழித்து இல்லாததைக் கண்டவனிடம் விமானத்தைக் கொடுப்பார்களா? 'களைப்பில் கண் மயங்கியது' என்று கையெழுத்துப் போட்டால் மேஜை வேலை மிஞ்சும். பறப்பது அதோடு சரி.

அந்தத் தாள்தான் பரீத் கையில் இருந்தது. கோப்பு மாலையில் டில்லிக்குப் போகிறது.

"இன்னிக்கு வந்திருக்கக் கூடாது, பஞ்சு. எனக்கு வேற நாள் இல்லை."

பஞ்சு ஈர வேட்டியோடு படியில் உட்கார்ந்தான். "குடுங்கோ சார். அப்பாவே போயாச்சு."

உள்ளே புரோகிதர் வெங்கடராம வாத்தியார் பஞ்சாங்கத்தை விரித்து, பிராணன் போன நேரம் கேட்டார். ஏழு பத்து என்றாள் ஷ்யாமளா. அவர் முகம் சுருங்கியது. ரேவதி நட்சத்திரம் ஏழரை வரைக்கும் இருக்கிறது. ரேவதியில் உயிர் போனால் வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப்போட வேண்டும். அம்மா சுவரில் சாய்ந்தாள்.

"இரு கொழந்தே, எந்தக் கடியாரம்? பம்பாய் டைமா, ஸ்டாண்டர்ட் டைமா?"

ஊரில் இரண்டு நேரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரயிலுக்கும் ராணுவத்துக்கும் பஞ்சாங்கத்துக்கும் ஸ்டாண்டர்ட் டைம். பம்பாய் டைம் அதற்கு முப்பத்தொன்பது நிமிஷம் பின்னால், பம்பாயின் தலைக்கு மேல் சூரியன் வருவதை வைத்துக் கணக்கிட்டது. முனிசிபல் ஆபீஸ் குமாஸ்தாவான அப்பா அதைத்தான் வைத்திருந்தார்.

"பம்பாய் டைம், மாமா."

"அப்போ ஏழு நாப்பத்தொன்பது. அசுவதி பொறந்துடுத்து. தோஷமில்லை."

காலையிலிருந்து அழாத அம்மா அப்போதுதான் அழுதாள். ஷ்யாமளா விரல்விட்டு எதையோ கூட்டினாள். பிறகு வாசலுக்கு ஓடி, பஞ்சுவின் மடியிலிருந்த தாளின் மேல் கையை வைத்தாள். பேனா அவள் விரலில் மையைக் கோடிழுத்தது.

"சார், அந்த ஆய்வுக்கூடத்துக் கடியாரம் எந்த டைம்?"

பரீத் நிமிர்ந்து பார்த்தார். "ஸ்டாண்டர்டுன்னு நாங்களே எடுத்துக்கிட்டோம். கேக்கலை, தங்கச்சி."

"ஆறு அஞ்சோட முப்பத்தொன்பதைக் கூட்டிப் பாருங்கோ."

வாத்தியார் உள்ளிருந்தே சொன்னார்: "ஆகாசத்துல பறக்கறவாளுக்கு இதைக் கேக்கத் தோணலையாக்கும்."

பரீத் தாளை வாங்கிக்கொண்டு, கீழே இரானி ஹோட்டல் டெலிபோனுக்கு இறங்கினார். அவர் திரும்பியபோது பாடையைத் தூக்கிவிட்டிருந்தார்கள். பஞ்சு தீச்சட்டியோடு முன்னால் நின்றான். பரீத் அவன் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"பம்பாய் டைம்தான். வெடிச்சது ஆறு நாப்பத்துநாலு. நீ பார்த்தப்ப அது மேலதான் இருந்திருக்கு. ரிப்போர்ட்டைப் புதுசா எழுதணும்."

பஞ்சு, தீச்சட்டியின் புகை கண்ணில் பட்டதுபோல் இரண்டுமுறை இமைத்தான்.

பெண்கள் உடன் போவதில்லை. ஷ்யாமளா பால்கனியிலிருந்து பார்த்தாள். கிங்ஸ் சர்க்கிள் முனையில் ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு வந்தது. கூட்டத்தின் கடைசியில் நடந்துகொண்டிருந்த பரீத் முன்னால் ஓடிப்போய்த் தண்டவாளத்தின் நடுவே நின்று கையை உயர்த்தினார். டிராம் நின்றது. பஞ்சு நிமிர்ந்த தலையோடு பாதையைக் கடந்தான்.