அடைப்புச் சுவர்

சுவரில் இன்னும் நாலு கல் பாக்கி. அவ்ராம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. காற்றுப் போகாமல் அடைத்தால்தான் நெருப்புச் சாகும். அடைக்காவிட்டால் மீத்தேன் சேர்ந்து வெடிக்கும். மேல்தட்டில் புகையில் மாட்டி இன்னும் வெளியேறாத முப்பத்தொரு பேரோடு நாங்களும் போவோம். சுரங்கங்களை நம்பிப் பிழைக்கும் எங்கள் ஷியு பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

ஆனால் அந்தப் பக்கம் அவ்ராமின் தம்பி லிவியு இருக்கலாம்.

சுரங்கத்தில் இறங்குகிறவன் வாசல் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை எடுத்துக்கொள்வான், ஏறியதும் மாட்டுவான். லிவியுவின் வில்லை பலகையில் இல்லை. ஆனால் அவன் வில்லையைப் பையில் போட்டுக்கொண்டு, காற்று வர வெட்டிய சரிவுப் பாதை வழியே திருட்டுத்தனமாக ஏறிச் சாராயக் கடைக்குப் போகிற ஆள். மூன்று முறை பிடிபட்டிருக்கிறான்.

"கடைக்கு ஆள் போயிருக்கு. ஃபோன் வரட்டும். அதுவரைக்கும் தொட மாட்டேன்," என்றான் அவ்ராம்.

"மீத்தேன் மீட்டர் மூணரை," என்றார் மேஸ்திரி ஒப்ரேயா. "அஞ்சுல வெடிக்கும்டா."

"உங்க தம்பின்னா அடைப்பீங்களாண்ணே?"

"என் தம்பி யோக்கியன். உள்ளதான் இருப்பான்." என் பக்கம் திரும்பினார். "நீ வைடா."

நான் கலவை சுமக்கிறவன். நான் வைத்தால் கல்லுக்கு நடுவே விரல் போகும், காற்றும் போகும். அவருக்கும் தெரியும்.

ஃபோன் அடித்தது. ஒப்ரேயா எடுத்தார். பக்கத்தில் விளக்கோடு நின்ற எனக்கும் கேட்டது. "கடையில இல்ல. வீட்டுலயும் இல்லையாம். காலைல போனவன்தான்னு பொண்டாட்டி சொல்றா."

"அப்படியா," என்றார் ஒப்ரேயா. சிரிக்கக்கூடச் செய்தார். "எழுப்பி உக்கார வைங்க."

ஃபோனை வைத்தார். "அவ்ராம், அந்த நாய் மேசைக்கடியில தூங்குதாம்."

அவ்ராம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கரண்டியை எடுத்தான். "கொன்னுடுவேன் அவனை. கலவை கொண்டாடா, என்ன பாக்குற?"

நான் ஒப்ரேயாவைப் பார்த்தேன். அவர் மீட்டரைப் பார்த்தார். நாலு. உள்ளே உயிரோடு இருக்கிறவன் காற்றுக் குழாயில் தட்டுவான்; இரண்டு மணி நேரமாக அந்தச் சத்தம் இல்லை. அதையே எனக்குச் சொல்லிக்கொண்டு சட்டியைத் தூக்கினேன். சாயங்காலம் வீட்டுக்குப் போவோம் என்ற நம்பிக்கையில்தான் தினமும் இறங்குகிறோம். அந்த நம்பிக்கையையே ஒப்ரேயா அவ்ராம் கையில் கொடுத்து வேலை வாங்கினார். பத்தொன்பது வருஷமாக அவன் கட்டுவதைப் பார்க்கிறேன், அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

கடைசிக் கல்லுக்கு முன், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கட்டுகிறவன் மூன்று முறை கூப்பிட வேண்டும். அவ்ராம் ஒரு முறை கூப்பிட்டான். மற்ற இரண்டையும் நான் கத்தினேன்.

"யாருக்குடா?" என்று சிரித்தபடி கல்லை வைத்தான்.

லிஃப்ட் மேலே போக ஆறு நிமிஷம். தம்பியை முதலில் எங்கே அடிப்பது என்று அவ்ராம் சொல்லிக்கொண்டே வந்தான். ஆறு நிமிஷமும் ஒப்ரேயா 'ம்' கொட்டினார்.