கஞ்சிப்பாசியின் சிவப்பு

2007 பொங்கல் விடுப்புக்குச் சிக்கல் கிராமத்துக்கு வந்த சேதுலட்சுமி, தன் ஆராய்ச்சித் துறையின் மடிக்கணினியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள். பாம்பன் கடலில் விளையும் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசிக்குச் சிவப்பு நிறம் தரும் புரதத்தைப் பற்றி மதுரையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இரண்டு வருடம் மல்லுக்கட்டி அந்தப் புரதத்தைப் படிகமாக வளர்த்திருந்தாள். மாதுளை முத்தைப் பொடியாக உடைத்தது போன்ற படிகங்கள். அவற்றில் எக்ஸ்ரே பாய்ச்சிக் கிடைத்த புள்ளிகளிலிருந்து, எந்த அணு எங்கே இருக்கிறது என்று கணக்கிட வேண்டும். கணக்கிடும் மென்பொருளோ பொங்கலன்று காலையில் நின்றுபோனது. உரிமக் காலம் முடிந்துவிட்டது.

அவள் கணவன் வீரபத்திரனும் ஆராய்ச்சிக்காரன்தான், படிப்பு பொருளாதாரம். பாட்டு, மென்பொருள் என நகலெடுக்கச் செலவே ஆகாத சரக்குக்கு விலை வைப்பது எப்படி என்பது அவன் தலைப்பு. மறுநாள் அவளை ராமநாதபுரத்தில் பாக்கர் நடத்திய பிரவுசிங் சென்டருக்கு அழைத்துப்போனான்.

"இதுக்கா இம்புட்டு விசனம்?" என்றார் பாக்கர். "பூட்டை உடைச்ச காப்பி ஒண்ணு தேடித் தாரேன் தங்கச்சி."

"வேண்டாண்ணே. எதை வச்சுக் கணக்குப் போட்டேன்னு கட்டுரையில எழுதணும்ல."

"அப்ப அந்தச் சாஃப்ட்வேர எழுதுன ஆளுகிட்டயே கேட்டுருவோம்" என்றான் வீரபத்திரன்.

"முன்னப்பின்ன தெரியாத வெள்ளைக்காரரு, நீங்க கேட்டதும் தூக்கிக் குடுத்துருவாராக்கும்?" என்றாள் சேதுலட்சுமி.

"இன்னொரு காப்பி குடுக்க அவருக்குச் செலவு இல்ல. நாம வாங்கப்போற ஆளும் இல்ல. குடுத்தா என்ன நட்டம்? இதைத்தான மூணு வருசமா எழுதிக்கிட்டிருக்கேன்!"

அதையே மின்னஞ்சலாக எழுதி அனுப்பினான். அடுத்த நாள் மதியம் மடிக்கணினியோடு மறுபடி பாக்கரிடம் போனபோது பதில் வந்திருந்தது. புதிய உரிம எண், அதன் கீழே ஒரு கேள்வி: 'உங்கள் வாதப்படி எல்லா மாணவர்களுக்கும் சும்மா கொடுக்க வேண்டும். கொடுத்தால், அடுத்த பதிப்பை எழுதும்வரை எனக்குச் சோறு போடுவது யார்?'

"கேள்வின்னா இது கேள்வி!" என்று மேசையில் தட்டிய வீரபத்திரன், அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுத ஆரம்பித்தான்.

சேதுலட்சுமி மடிக்கணினியில் உரிம எண்ணைப் போட்டாள். மென்பொருள் ஓடியது. வேறொரு பாசியின் புரத அமைப்பை மாதிரியாக எடுத்துக்கொண்டவள், அதிலிருந்து, நான்கு வளையங்கள் கோத்த நிறமியின் அணுக்களை மட்டும் வேண்டுமென்றே நீக்கியிருந்தாள். அவளுடைய எக்ஸ்ரே புள்ளிகளிலிருந்தே நிறமி எழுந்து வந்தால் கணக்கு சரி. வராவிட்டால் இரண்டு வருடமும் வீண்.

திரையில், அணுக்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் வலை விரிந்தது. முதலில் புரதத்தின் சுருள்கள். அவள் மெல்லத் திருப்பினாள். காலியாக விட்ட இடத்தில், விடுபட்டதை மென்பொருள் காட்டும் பச்சையில் ஒரு வளையம். பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது. நான்காவது!

"வந்துருச்சு! என்னங்க, வந்துருச்சு!"

ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். "யாரும்மா வந்தது?" என்று பாக்கர் ஓடிவந்தார்.

"பாசியோட சிவப்புண்ணே! நான் வைக்கவே இல்ல, அதுவா வந்து நிக்கிது!"

பாக்கர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "பச்சையால்ல இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மதுரையிலிருந்த வழிகாட்டி குருநாதனுக்குப் போன் போட்டாள்.

"ஆசையில எதையாச்சும் பாத்துட்டுச் சொல்லாதம்மா" என்றார் அவர்.

"நாலு வளையம் சார். நாலும் தனித்தனியாத் தெரியுது."

"அதை அணைச்சிராத. நான் பஸ் ஏறுறேன்."

நடுவில் கரண்ட் போனது. யாரும் கேட்காமலே பாக்கர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் குருநாதன் தோள்பையோடு உள்ளே வந்தார். பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த வீரபத்திரனை எழுப்பி, அவன் நாற்காலியை வாங்கித் திரையின் முன்னால் போட்டுக்கொண்டார். பையைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு வளையமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரிதான்மா" என்றார் கடைசியில். "இன்னொரு தடவ திருப்பு, பாப்போம்."