சேஸிக்கு ஆகாதவை

அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியில் வெட்டுப்பலகையைக் காணோம். காலையில் வெங்காயம் நறுக்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, கூடத்து மேசைமேல் நான்கு ஓட்டைகளோடு கிடந்தது. பக்கத்தில் நான்கு சின்னச் சொரசொரப்பு டயர்கள், ஒரு மோட்டார், ஒரு டப்பா நிறைய திருகுகள். நாற்காலியில் ஊன்றுகோல்களைச் சாய்த்துவைத்துவிட்டு அவள் கணவன் ஒரு நட்டை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"பலகைய ஏங்க ஓட்டை போட்டீங்க?"

"காரோட அடித்தட்டு, சேஸிக்கு ஆகுமான்னு பாத்தேன். ஆகல."

"இனி எதுல நறுக்குறது?"

"இதுலயே நறுக்கு. கொஞ்சம் கீழ விழும், அவ்வளவுதான்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்ததும் அதுவும் நின்றுவிட்டது.

கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற ஆள் அவன். பத்து மாடி உயரத்தில் குழாய்மேல் நின்று டீ குடித்தவன். எட்டு மாதத்துக்கு முன் தரையில் நின்றபோது இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று சரிந்து விழுந்து, இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. அவளோ செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கால் செய்து நடக்கவைத்தவள் வீட்டில், புருஷன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் ரிமோட்டில் பாறை ஏறும் கார் செய்துகொண்டிருக்கிறான். யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

அவள் செய்துகொடுத்த கால் கதவுக்குப் பின்னால் குடையோடு குடையாக நின்றது. ஆரம்பத்தில் கெஞ்சினாள், பிறகு கத்தினாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள். பயம் மட்டும் போகவில்லை. இன்னும் இரண்டு மூன்று மாதம் இப்படியே உட்கார்ந்திருந்தால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும், அப்புறம் எந்தக் காலைக் கொண்டுவந்தாலும் நிற்க முடியாது. இப்படி இறுகிப்போன முட்டிகளை அவள் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறாள்.

பட்டறையில் எழுதாத விதி ஒன்று உண்டு. சொந்தக்காரர்களுக்கு யாரும் அளவு எடுக்கக் கூடாது. அங்கே மூத்தவர், உச்சந்தலையிலிருந்து செருப்புவரை மாவுக்கட்டு மாவு படிந்து திரிவதால் எல்லோருக்கும் 'மாவண்ணன்', அவள் கணவனுக்கு அளவு எடுக்கப் போன அன்றைக்கே சொன்னார். "வேணாம்மா, நான் எடுக்கிறேன்." அவள் கேட்டால்தானே! என் புருஷனுக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வது என்று நின்றாள். மாட்டிப் பார்த்த ஒவ்வொரு முறையும் வலிக்கிறதா என்று கேட்டாள். பூ மாதிரி இருக்கிறது என்றான் அவன். பூ மாதிரி இருந்த கால் ஒரே வாரத்தில் கதவுக்குப் பின்னால் போய்விட்டது.

பலகையை எடுத்துக்கொண்டு திரும்பியவள் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாள். ஒவ்வொரு பொருளாக எழுதி, எதிரில் அதன் குறையையும் எழுதியிருந்தான். கண்ணாடி ஜன்னல் கடையில் வாங்கிய அலுமினியத் துண்டு, விழுந்தால் வளைகிறது, வளைந்தால் திரும்புவதில்லை. அக்ரிலிக், திருகை இறுக்கினால் விரிசல். இரும்புத் தகடு பேட்டரியைத் தின்னும் கனம். ஒட்டுப்பலகை ஈரம் பட்டால் உப்பும். அன்றைய தேதியில் வெட்டுப்பலகை, நடுவில் தொய்கிறது. தாங்கும், தாங்காது என்று பார்த்தே பழகிய கண் எதையும் விட்டுவைக்கவில்லை. கடைசி வரியில் 'என் கால்' என்று இருந்தது. எதிரில் ஒன்றும் எழுதவில்லை.

"இது என்னங்க கடைசில?"

அவன் நட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நல்ல பிளாஸ்டிக். வளையும், திரும்பிடும். ஓட்டை போட்டாலும் விரிசல் விடாது. நீ பட்டறைலேர்ந்து கொண்டாற துண்டெல்லாம் சாண் நீளம்தான் இருக்கு. அது சும்மாதான நிக்குது."

அவளுக்கு வந்ததே கோபம். "வெட்டிக்குங்க! பொம்மைக்கு ஆகுது, உங்களுக்கு ஆகலையா? ராவும் பகலுமா நின்னு பண்ணேன் அத."

அவள் மறுபடி தாளைப் பார்த்தாள். கோபம் இருந்த இடத்தில் வேறு என்னவோ வந்து உட்கார்ந்தது.

"எல்லாத்துக்கும் எதிர்ல குறை எழுதியிருக்கீங்க. இதுக்கு ஏன் எழுதல?"

"நீ பண்ணது. எப்படி எழுதுறது?"

கதவுக்குப் பின்னாலிருந்து காலை எடுத்தாள். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் முதல் வேலையாகச் செய்திருப்பதை இப்போதுதான் செய்தாள், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். முன்னெலும்பு முடியும் இடத்தில் மடித்த கைக்குட்டைத் துணி ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்குக் கீழே இன்னொன்று. பழுப்பாகக் காய்ந்த கறை, ஒருநாள் கறை இல்லை. உள்பக்கம் வியர்வையில் மங்கியிருந்தது.

"தினமும் போட்டுப் பாப்பேன்" என்றான் அவன். "அடுப்படி வரைக்கும் போய்ட்டு வருவேன். நீ வர்றதுக்குள்ள கழட்டி வச்சிருவேன்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீ எவ்ளோ ஆசையா கேட்ட. மூஞ்சியப் பாத்தா வாய் வரல."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் டப்பாவிலிருந்த திருகுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பட்டறையில், சாப்பாட்டு இடைவேளையில் அவள் அந்தக் காலின் பாதத்தையும் குழாயையும் கழற்றி எடுத்துவைத்தாள். சூடு காட்டி அங்கங்கே தள்ளிச் சரிசெய்து பார்க்கலாம்தான். ஆனால் அளவே தப்பு, அதை இழுத்துப் பிடித்து என்ன ஆகப்போகிறது? கிண்ணம் மாதிரி இருந்த மேல்பகுதியைப் பின்பக்கமாக நெடுக அறுத்துப் பட்டறை அடுப்பில் வைத்தாள். இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம், பழசை மறக்காது. சூடேற ஏற அவன் காலின் வடிவம் மெல்ல விரிந்து, முக்கால்வாசி தட்டையாகி, முதலில் வந்த தகடாகவே ஆகப் பார்த்தது. மீதியைப் பலகை வைத்து அழுத்தினாள், அவன் காருக்கு ஆகும். மாவண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"அண்ணே, நீங்க அளவு எடுக்கிறீங்களா?"

"எடுக்கிறேன். ஆனா நீ உள்ள வரக் கூடாது."

பத்து நாள் கழித்து, புண் ஆறியதும், அவன் ஊன்றுகோல்களோடு பட்டறைக்கு வந்தான். தோள்பையில் கார். திரைக்குப் பின்னால் மாவண்ணன் அவனைப் படுக்கவைத்தார். பதினோரு வருடத்தில் முதல்தடவையாக அவள் தன் பட்டறையிலேயே திரைக்கு வெளியே, நோயாளியோடு வந்தவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். முட்டி இன்னும் நேராக நீள்கிறது, தப்பித்தது என்று மாவண்ணன் சொன்னது கேட்டது. பிறகு அவர் கேட்டார்.

"பழைய கால்ல எங்க மாப்ள வலிச்சுது?"

பூ மாதிரி என்று சொல்லித் தொலைத்துவிடுவானோ என்று அவள் திரையையே பார்த்தாள்.

"எலும்பு முடியுற எடத்துல."

"அப்புறம்?"

"உக்காந்தா பின்னாடி வெட்டுது. உள்பக்கம் நெருப்பா எரியுது. நின்னா ஒரு பக்கமா தள்ளுது. காலைல ஏறுறது சாயங்காலம் ஏறல."

ஒவ்வொன்றும் அவள் கை வைத்த இடம். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது. குறைகளை எண்ணி அவள் ஐந்தாவது விரலை மடக்கியபோது திரைக்கு அடியிலிருந்து கார் வெளியே வந்தது. கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத மனுஷன், படுத்தபடியே ரிமோட்டை அமுக்குகிறான் போலும். தரையில் காய்ந்து கிடந்த மாவுக்கட்டி ஒன்றில் முன்சக்கரம் ஏறியது. வெள்ளைச் சேஸி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு, இறங்கியதும் பழையபடி நேராகிவிட்டது. அதன் ஓரத்தில் காலைச் செய்தபோது அவள் போட்ட நீலப் பென்சில் கோடு இன்னும் இருந்தது. கார் அவள் செருப்பில் முட்டி, ஏறப் பார்த்து, ஒரு சக்கரத்தைத் தூக்கியபடி நின்றது.

"இன்னும் இருக்கா மாப்ள?"

"இருக்கு" என்றான் உள்ளே.