சாவுக் கை

குடத்தை இடுப்பிலிருந்து இறக்கும்போது அம்மாக்கண்ணுவுக்குப் பிடரியில் சுள்ளென்று இழுத்தது. வருஷக்கணக்காகச் சாந்துத் தாச்சி சுமந்த கழுத்து. புருஷன் கல் வைப்பான், அவள் சாந்து குழைத்துச் சாரத்தில் ஏற்றுவாள். அப்படித்தான் பிழைப்பு ஓடியது. இப்போது கழுத்தை ஒரு பக்கமாய்ச் சாய்த்தபடியே, பலகையில் பிணமாய்க் கிடந்த புருஷன் பொன்னையாவின் மேல் தண்ணீரை ஊற்றினாள். அவன் விரல் வெடிப்புகளில் ஏறியிருந்த சுண்ணாம்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"விடுடி, மண்ணுக்குத்தானே போவுது" என்றாள் அடுத்த வீட்டு மீனம்மா.

அம்மாக்கண்ணு விடவில்லை. கைதான் அந்த மனுசனிடம் இருந்த ஒரே சொத்து.

லிந்துலை பஜாரில் சரிபுதீன் முதலாளியின் கடைக்குப் பின்னால் அவர்களுக்கு ஒற்றை அறை. காய்ச்சலோடு படுத்தவன், சளி நெஞ்சில் இறங்கி, நேற்று மத்தியானம் மூச்சை விட்டான். மேமலைத் தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரில் கொழுந்து காயவைக்கும் அடுப்பும் புகைக்கூண்டும் அவன் மொத்தமாய் விலை பேசிக் கொந்தரப்பு எடுத்த வேலை. பாதியில் நிற்கிறது. அதை ஒழுங்காக முடித்தால் தோட்டத்து ஆட்களுக்குப் புது லயம் கட்டும் வேலையும் உனக்கேதான் என்று துரை சொல்லியிருந்தார். முடியாவிட்டால் ஒன்றுமில்லை. தோட்டத்து ஆள் பதிவான செக்ரோலில் பேர் இல்லாதவளுக்குக் கொழுந்துக் கூடையும் கிடைக்காது, லயத்தில் குடியிருக்க ஒரு காம்பராவும் கிடைக்காது. பொன்னையாவின் தம்பி நல்லமுத்துவும் மேசன்தான். ஆனால் துரை அறிந்த பேர் பொன்னையாவின் பேர்தான்.

இருந்தாலும் அவளுக்குப் பெரிய பயம் இல்லை. சங்கம் இருந்தது.

பட்டணத்துப் பெரிய கைகள் தோட்டத்து வேலைகளை அள்ளிக்கொண்டு போனபோது, கொந்தரப்பு எடுக்கும் மேசன்மார் கூடி ஆரம்பித்த சங்கம் அது. ஒருத்தன் வேலையில் இன்னொருத்தன் தலையிடக் கூடாது, விலையைக் குறைத்துக் கேட்கக் கூடாது என்று பல கட்டுப்பாடுகள். எல்லாவற்றிலும் பெரியது சாவுக் கை. வேலை பாதியில் இருக்க ஒரு மேசன் செத்துப்போனால், சங்கத் தலைவர் அவன் சாரத்தில் பச்சைக் கொப்பு ஒன்றைக் கட்டிவிடுவார். கொப்பு கட்டிய சாரத்தில் வேறு எவனும் தன் பேருக்கு ஏற மாட்டான். கருமாதி கழிந்ததும் ஆளாளுக்குச் சாந்துக் கரண்டியோடு வந்து, கூலி வாங்காமல், செத்தவன் பேரிலேயே வேலையை முடித்துக் கொடுப்பார்கள். அக்கரப்பத்தனையில் ஒரு விதவையின் குடும்பம் அப்படித்தான் நிமிர்ந்தது.

தலைவர் செல்லசாமி பத்து மணிவாக்கில் லொறியில் வந்து இறங்கினார். கூடவே வார்னிஷ் அடித்த சவப்பொட்டி, ரோசாப்பூ மாலை, தப்புக்காரர்கள். எல்லாம் சங்கத்துச் செலவு.

"பொட்டி என்னமோ தொரை பங்களா அலுமாரி கணக்காத்தான் இருக்கு" என்று மீனம்மா காதுக்குள் சொன்னாள். "உசுரோட இருந்தப்ப மனுசன் ஒரு நல்ல கட்டில்ல படுத்ததில்ல."

செல்லசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகை பொய்யில்லை. அவரும் பொன்னையாவும் மூத்த மேசனான ஒரே பாஸிடம் தொழில் பழகியவர்கள். அம்மாக்கண்ணு அவர் முன்னால் போய் நின்றாள்.

"கொப்பு கட்டியாச்சுங்களாண்ணே?"

"அதெல்லாம் பாத்தாச்சு தங்கச்சி. நீ ஆக வேண்டியதக் கவனி."

அவளுக்கு அது போதுமாயிருந்தது. அதற்குப் பிறகுதான் வாய்விட்டு அழுதாள்.

மயானம் தோட்டத்து எல்லையில். பொம்பளைகள் ரோடு வளையும் மேமலை முடக்கு வரைக்கும்தான் போகலாம். தூறலில் தப்பு நனைந்து சத்தம் அடங்கி வந்தது. முடக்கில் தோள் மாற்றுவதற்காகப் பொட்டியை இறக்கினார்கள். கடைசியாய் ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தவளின் கண்ணுக்கு நேர் எதிரே ஸ்டோர் தெரிந்தது. பொன்னையா விட்டுப்போன புகைக்கூண்டும் தெரிந்தது.

சாரத்தில் கொப்பு இல்லை. ஆள் இருந்தான்.

ஒருத்தன் அல்ல, மூன்று பேர். மேலே இருந்தவன் செங்கல்லை வாங்கி வைத்துக்கொண்டிருந்தான். செல்லசாமியின் ஆட்கள். தப்புச் சத்தம் அவர்களுக்குக் கேட்காமல் இருக்காது. ஒருத்தன் மட்டும் தலைப்பாகையை எடுத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றான். பிறகு அவனும் குனிந்து வேலையைப் பார்த்தான்.

அம்மாக்கண்ணு கொழுந்தனின் கையைப் பிடித்து ஓரமாய் இழுத்தாள். "அவரு வேலையில யாருப்பா ஏறியிருக்கா?"

நல்லமுத்து அண்ணாந்து பார்த்தான். நேற்றுப் பொழுது சாய்கிற நேரம் செல்லசாமி அவனைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். வேலை பாதியில் கிடக்கே, என்ன தம்பி செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் செத்த துக்கத்தில் இவனுக்குப் பேச்சே வரவில்லை.

"நீங்களே பாத்துக்கிடுங்கண்ணேன்னு சொன்னேன் மதினி. வேற ஒண்ணும் சொல்லல. யாரா இருந்தாலும் அப்பிடித்தானே சொல்லுவாங்க?"

சாவு வீட்டில் எல்லாரும் சொல்கிற சொல்தான். பந்தலைப் பாத்துக்கிடுங்க, வந்தவங்களைப் பாத்துக்கிடுங்க. அதைச் செல்லசாமி மடியில் முடிந்துகொண்டு போய், வீட்டு ஆளே வேலையை ஒப்படைத்துவிட்டான் என்று துரையிடம் சொல்லித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டிருப்பார். தப்புக்காரர்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள். நல்லமுத்து கொள்ளிக்குடத்தைத் தூக்கிக்கொண்டு, மதினியைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து நடந்தான்.

அடக்கம் முடிந்து ஆண்கள் காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். மீனம்மா தன் வீட்டில் ஊற்றிய பிளேன்டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள். செல்லசாமி கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார்.

"கருமாதி கழியட்டும் தங்கச்சி. அப்புறம் நீயும் தம்பியும் ஸ்டோருக்கு வந்துருங்க. சாந்து கொழைக்க ஒன்னிய மாதிரி ஆளு ஏது? நாள் சம்பளம் நானே போட்டுத் தர்றேன்."

தன் புருஷன் கடைக்கால் போட்ட அடுப்புக்குக் கூலி ஆளாகப் போவது. சுற்றி இருந்த மேசன்மார் டீயைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். எவனும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இவர்களுக்கெல்லாம் நேற்றே தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பொட்டி நல்ல பொட்டிங்கண்ணே" என்றாள். "மாலையும் நல்ல மாலை. அது ரெண்டும் செத்தவருக்கு. சாவுக் கை, இருக்கிறவங்களுக்குத்தானே?"

"நா என்ன செய்ய? தொரைக்கு அவசரம், கொழுந்து வந்து குமியுது. தம்பிதான் பாத்துக்கிடுங்கன்னுச்சு. வீட்டாளு வாயால சொன்னப்புறம் கொப்பு எப்பிடிம்மா கட்டுறது?"

நல்லமுத்து எழப்போனான். அவள் கையமர்த்தினாள். குரல் உயரவில்லை.

"நோட்டன் பிரிட்ஜுல ஒங்கண்ணன் பாதி வேலையில செத்தன்னிக்கு ஒங்க மதினியும் அதேதான் சொன்னாங்க. பாத்துக்கிடுங்க தம்பின்னு எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னாங்க. நா பக்கத்துலதான் நின்னேன். அப்பத் தலைவரா இருந்தவர நேரா கூட்டிட்டுப் போயி கொப்பக் கட்ட வச்சிட்டுத்தான் இவரு மறுவேல பாத்தாரு. செவரு முடியிறவரைக்கும் கை போட்டாரு. நாந்தான் தாச்சி சொமந்தேன். ஒங்க மதினி இன்னிக்கும் கொந்தரப்புக்காரர் வீடுன்னு பேரோட இருக்காங்க."

செல்லசாமி குடிக்காத கிளாசைத் தரையில் வைத்துவிட்டுக் குடையை எடுத்தார். போய் வருகிறேன் என்று சாவு வீட்டில் சொல்லக் கூடாது. அது அவருக்கு வசதியாய்ப் போயிற்று. ஒவ்வொருத்தராக மற்றவர்களும் எழுந்து பின்னால் போனார்கள்.

மூடுபனி இறங்கிய பஜார் ரோட்டில் குடைகள் கொஞ்ச தூரம் தெரிந்தன. அம்மாக்கண்ணு கிளாசுகளைப் பொறுக்கி ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கினாள். செல்லசாமி வீட்டிலிருந்து பொன்னையா வீட்டுக்குத் திரும்பி வரவேண்டிய ஒரு சாவுக் கை இன்னும் பாக்கி நின்றது.